துளை வழியாக ஒரு சிறுநீரகம்: தம்பிக்குக் கொடுக்கப்போகும் அக்காவுக்கு

கேள்வி: எனக்கு வயது 34. என் தம்பிக்கு 29. அவனுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து ஒன்றரை வருடமாக டயாலிசிஸ் நடக்கிறது. என் ரத்தமும் திசுவும் அவனுக்குப் பொருந்துவதாகச் சொல்லிவிட்டார்கள். பல வருடங்களுக்கு முன் என் சித்தி, சித்தப்பாவுக்குச் சிறுநீரகம் கொடுத்தார். விலாவிலிருந்து முன்வயிறு வரை அவருக்கு நீளமான தழும்பு. இன்றைக்கும் அந்தப் பக்கம் லேசாகப் புடைத்துக்கொண்டுதான் இருக்கும். எனக்கு லேப்ராஸ்கோப்பி முறையில் மூன்று துளை போட்டு எடுப்பார்களாம், நாலாம் நாள் வீட்டுக்குப் போகலாமாம். அவ்வளவு சின்னத் துளை வழியாகச் சிறுநீரகம் எப்படிச் சிதையாமல் வெளியே வரும்? எல்லோருக்கும் இடப்பக்கம்தான் எடுப்பார்கள் என்று கேள்விப்பட்டேன், எனக்கு மட்டும் வலப்பக்கம் என்கிறார்கள், ஏன்? நான் கிடங்கு ஒன்றில் வேலை பார்க்கிறேன், பெட்டி தூக்க வேண்டியிருக்கும், எப்போது திரும்பலாம்? ஐந்து வயதில் ஒரு மகள் இருக்கிறாள், இன்னொரு குழந்தைக்கும் ஆசை உண்டு. "இவ்வளவு சின்ன ஆபரேஷன்தானே" என்று என் கணவர் சம்மதித்துவிட்டார். அம்மாதான் அழுதுகொண்டே இருக்கிறார்.

– ஒரு வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது உங்கள் கணவர் சொன்ன அந்த வரிதான். அவர் நல்ல மனதோடு சொல்லியிருக்கிறார், அதில் சந்தேகமில்லை. ஆனால் இருபது வருடத்துக்கும் மேலாக இந்த அறுவை சிகிச்சையைச் செய்துவருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: சின்னதாகியிருப்பது வெளியே தெரியும் காயம்தான். உள்ளே நடப்பது உங்கள் சித்திக்கு நடந்த அதே வேலை. அதே தமனியை, அதே சிரையை வெட்டி, அதே அளவு உறுப்பை எடுக்கிறோம். அதனால் 'துளை சின்னது' என்பது இந்த முறையில் செய்துகொள்ள நல்ல காரணம். சிறுநீரகம் கொடுப்பதா வேண்டாமா என்ற முடிவுக்கு அது காரணமாக இருக்கக் கூடாது. இரண்டையும் பிரித்து வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் உங்கள் சித்தி பட்ட பாடு. நான் பயிற்சியில் இருந்த காலத்தில் திறந்த முறைதான் பரவலாக இருந்தது. கொடையாளரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, விலாவுக்குக் கீழே 15 முதல் 20 செ.மீ. வரை வெட்டுவோம். மூன்று அடுக்குத் தசையைத் தாண்ட வேண்டும். சிலருக்குப் பன்னிரண்டாவது விலா எலும்பில் ஒரு பகுதியையே எடுத்தால்தான் சிறுநீரகத்தின் மேல்முனை கைக்கு எட்டும். அந்தத் தசைகளுக்குப் போகும் நரம்பு அடிபட்டால் தசை தளர்ந்து அந்தப் பக்கம் புடைத்துவிடும். சித்தியின் வயிற்றில் நீங்கள் பார்ப்பது அநேகமாக அதுதான். அப்போதெல்லாம் வார்டில் ஒரு காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். சிறுநீரகம் வாங்கியவர் மூன்றாம் நாள் முகம் தெளிந்து வராந்தாவில் நடந்துகொண்டிருப்பார். கொடுத்தவர், அதாவது எந்த நோயும் இல்லாமல் மருத்துவமனைக்கு நடந்து வந்தவர், இருமல் வந்தால் தலையணையை விலாவில் அழுத்திப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். நோயே இல்லாத ஒருவருக்கு நாம் கொடுத்த வலி அது. எனக்கு அது ஒருநாளும் பழகவில்லை.

லேப்ராஸ்கோப்பி அந்த வலியைத்தான் குறைத்தது. 1990இல் அமெரிக்காவில் ரால்ஃப் கிளேமன் என்ற மருத்துவர் முதல்முறையாக லேப்ராஸ்கோப்பி வழியே ஒரு சிறுநீரகத்தை எடுத்தார். ஆனால் அது கட்டி வந்த சிறுநீரகம். பைக்குள் போட்டு, உள்ளேயே துண்டுதுண்டாக்கித்தான் அதை வெளியே எடுத்தார்கள். தானம் கொடுக்கும் சிறுநீரகத்தில் அது நடக்காது. முழுசாக, உயிரோடு, ரத்தக்குழாய்கள் தைக்கும் அளவுக்கு நீளமாக வெளியே வந்தாக வேண்டும். அதைச் செய்துகாட்ட இன்னும் ஐந்து வருடம் ஆனது. 1995இல் பால்டிமோரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸைச் சேர்ந்த லாயிட் ராட்னரும் லூயி கவூசியும் முதல் கொடையாளருக்கு அதைச் செய்தார்கள். இன்று அனுபவமுள்ள பெரும்பாலான மையங்களில் இதுதான் வழக்கமான முறை.

இதில்தான் உங்கள் முதல் கேள்விக்கான பதிலும் இருக்கிறது. மூன்று துளை என்று சொன்னது முழுக் கணக்கு அல்ல. துளைகள் மூன்றோ நான்கோ, ஒவ்வொன்றும் 5 முதல் 12 மி.மீ. வரை. அவை கேமராவுக்கும் கருவிகளுக்கும் மட்டும். சிறுநீரகம் வெளியே வருவதற்கென்று தனியாக ஒரு வெட்டு உண்டு. பெரும்பாலும் அடிவயிற்றில், சிசேரியனுக்குப் போடும் அதே இடத்தில், 6 முதல் 8 செ.மீ. நீளத்தில் இருக்கும். இதை உங்களிடம் யாரும் சொல்லவில்லை என்றால் சொல்லியிருக்க வேண்டும். ஆபரேஷன் முடிந்து கண்விழித்து, 'மூன்று துளை என்றார்களே, இது என்ன' என்று அதிர்ந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த இடத்தில் வெட்டுவதற்குக் காரணம் உண்டு. அங்கே தசையை வெட்டுவதில்லை, நடுவில் விலக்கித்தான் போகிறோம். அதனால் வலி குறைவு, உள்ளாடைக்குள் தழும்பும் மறைந்துவிடும்.

உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், பயப்படாமல் படியுங்கள். முழு மயக்கத்தில் ஒருக்களித்துப் படுத்திருப்பீர்கள். வயிற்றுக்குள் கரியமில வாயுவை நிரப்பிக் கூடாரம்போல உயர்த்துவோம். குடலை மெதுவாக நகர்த்தி, சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கும் கொழுப்பிலிருந்து அதைப் பிரிப்போம். இதற்குத்தான் நேரம் அதிகம். சிறுநீர்க்குழாயைச் சுற்றியுள்ள திசுவை உரித்துவிடாமல் அப்படியே சேர்த்து எடுக்க வேண்டும். உரித்துவிட்டால் அந்தக் குழாய்க்கு ரத்தம் போகாது, பின்னால் உங்கள் தம்பிக்குச் சிறுநீர் கசியும். இப்படி எல்லாவற்றையும் விடுவித்த பிறகு, சிறுநீரகம் தமனி ஒன்றிலும் சிரை ஒன்றிலும் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும். அடிவயிற்று வெட்டும் அதற்குள் தயாராகிவிடும், கடைசி மெல்லிய சவ்வு மட்டும் பாக்கி. பக்கத்து அறையில் உங்கள் தம்பியைத் தயார்செய்துகொண்டிருப்பார்கள்.

அந்த நேரத்தில் அறையில் யாரும் பேச மாட்டோம். தமனியை மூடி வெட்டியதும் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். அடுத்து சிரை. சிறுநீரகத்தைப் பைக்குள் பிடித்து, அடிவயிறு வழியாக வெளியே எடுத்து, பனிக்கட்டி நிரப்பிய கிண்ணத்தில் வைப்போம். ரத்தம் நின்றதற்கும் குளிர்ந்த திரவம் உள்ளே ஓடுவதற்கும் இடையில் இரண்டிலிருந்து ஐந்து நிமிடம்தான். திரவம் ஓட ஓட, கருஞ்சிவப்பாக இருந்த சிறுநீரகம் வெளுத்துச் சாம்பல் நிறத்துக்கு வரும். கைக்குள் அடங்கும் அளவு, 150 கிராம் சொச்சம் எடை. அதன் மறுபாதிக் கதை அடுத்த அறையில் நடக்கும். தைத்து முடித்து இடுக்கியை எடுத்ததும் அந்தச் சாம்பல் நிறம் சில நொடிகளில் இளஞ்சிவப்பாகும். பல நேரம் மேசையிலேயே சிறுநீர் சொட்ட ஆரம்பித்துவிடும். நூறு முறை பார்த்தாலும் அந்த முதல் சொட்டுக்காகக் குனிந்து பார்க்கத்தான் செய்கிறோம்.

ஆக, சிதையுமா என்ற பயம் வேண்டாம். திறந்த முறையில் எடுத்ததற்கு ஈடாகவே இந்தச் சிறுநீரகங்களும் வேலைசெய்கின்றன. ஆரம்பக் காலத்தில் இதே சந்தேகம் மருத்துவர்களுக்கும் இருந்தது, உங்களுக்கு வருவதில் ஆச்சரியமில்லை.

சரி, ஏன் வலது? இடது சிறுநீரகத்தின் சிரை நீளமானது. மகாதமனியைக் கடந்து எதிர்ப்பக்கம் இருக்கும் பெருஞ்சிரைக்குப் போக வேண்டியிருப்பதால் அந்த நீளம். வலது சிறுநீரகம் பெருஞ்சிரைக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அதன் சிரை குட்டை, சுவரும் மெல்லியது. நீளமான சிரை இருந்தால் தம்பிக்குத் தைப்பது எளிது. அதனால்தான் பொதுவாக இடது. ஆனால் எந்தப் பக்கம் என்பதைத் தீர்மானிப்பது வழக்கம் அல்ல, உங்கள் சிடி ஸ்கேனும் இரண்டு சிறுநீரகமும் தனித்தனியே எவ்வளவு வேலை செய்கின்றன என்று காட்டும் ஸ்கேனும்தான். ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு ஏதாவது ஒரு பக்கம் ஒன்றுக்கு மேற்பட்ட தமனி இருக்கும். உங்கள் இடப்பக்கம் அப்படி இருக்கலாம். அல்லது வலது சிறுநீரகம் கொஞ்சம் குறைவாக வேலைசெய்யலாம், அதில் சின்ன நீர்க்கட்டியோ கல்லோ இருக்கலாம். அப்படியானால் வலதைத்தான் எடுக்க வேண்டும். ஏனென்றால் இந்தத் துறையில் மாறாத ஒரு விதி உண்டு: இரண்டில் நல்லது கொடுப்பவரிடமே இருக்க வேண்டும். தம்பிக்கு எது வசதி என்பது அதற்கு அப்புறம்தான்.

வலப்பக்கம் லேப்ராஸ்கோப்பியில் எடுக்க முடியுமா என்றால், முடியும். கல்லீரலைத் தூக்கிப் பிடிக்க இன்னொரு துளை தேவைப்படும், குட்டைச் சிரையைக் கையாள அனுபவம் வேண்டும். அதனால் உங்கள் மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள்: "ஏன் எனக்கு வலது? வலப்பக்கம் நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?" கேட்டதற்காக எந்த நல்ல அறுவை மருத்துவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். இன்னொன்றும் கேளுங்கள்: "தமனியை எதைக் கொண்டு மூடுவீர்கள்?" இதற்குக் காரணம் இருக்கிறது. பிளாஸ்டிக்கில் பூட்டிக்கொள்ளும் ஒருவகை கிளிப்பை மட்டும் நம்பித் தமனியை மூடியபோது, பின்னர் அது நழுவி, ரத்தம் கொட்டிக் கொடையாளர்கள் இறந்திருக்கிறார்கள். கொடையாளரின் சிறுநீரகத் தமனிக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்று 2011இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கை வெளியிட்டது. தமனியின் சுவரையே ஊடுருவிப் பிடிக்கும் ஸ்டேப்லரோ தையலோ இருக்க வேண்டும். நீங்கள் கேட்டதும் "ஸ்டேப்லர்" என்று பதில் வந்தால் அந்த விஷயத்தை விட்டுவிடலாம்.

ரோபோ வைத்துச் செய்வது, தொப்புளில் ஒரே துளை போட்டுச் செய்வது என்றெல்லாமும் காதில் விழும். செய்பவரின் கைக்குப் பழகிய முறை எதுவோ அதுவே உங்களுக்கு நல்ல முறை. அதற்கு மேல் அதில் யோசிக்க வேண்டியதில்லை.

ஆபத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். அமெரிக்காவில் கொடையாளர் எல்லோரையும் கணக்கெடுத்துப் பார்த்ததில், 1994 முதல் 2009 வரை பத்தாயிரம் பேரில் சுமார் மூன்று பேர் அறுவை சிகிச்சைக்குப் பிறகான 90 நாளுக்குள் இறந்திருந்தார்கள். 2013 முதல் 2022 வரையிலான கணக்கில் அது பத்தாயிரத்துக்கு ஒன்றுக்கும் கீழே வந்துவிட்டது. மிகக் குறைவு, ஆனால் பூஜ்யம் அல்ல. நூறில் ஒன்றிரண்டு பேருக்கு, ரத்தக்கசிவு போன்ற காரணத்தால் நடுவில் திறந்த முறைக்கு மாற வேண்டிவரும். அப்படி மாறினால் அதைத் தோல்வி என்று நினைக்காதீர்கள். உங்கள் உயிரைக் காக்க எடுக்கும் சரியான முடிவு அது. ஒப்புதல் படிவத்தில் அந்த வரியும் இருக்கும், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இனி நீங்கள் கேட்காமல் விட்டது. கடிதத்தை இரண்டு முறை தேடிப் பார்த்தேன், எங்கும் இல்லை: உங்கள் தம்பிக்கு ஏன் சிறுநீரகம் செயலிழந்தது? 27 வயதில் இரண்டும் போயிருக்கிறது. நீங்கள் கூடப்பிறந்தவர். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு முதலில் எழும் கேள்வி இதுதான், துளையைப் பற்றியது அல்ல. பரம்பரையாக வரும் நீர்க்கட்டி நோய் என்றால், உங்களுக்கும் அது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. 40 வயதுக்குள் அல்ட்ராசவுண்டில் கட்டி தெரியவில்லை என்பதை மட்டும் நம்பிவிடக் கூடாது, எம்ஆர்ஐயோ மரபணுப் பரிசோதனையோ பார்க்க வேண்டும். காது கேட்காமையும் சேர்ந்து வரும் ஆல்போர்ட் நோயென்றால், பெண்களுக்குச் சிறுநீரில் கண்ணுக்குத் தெரியாத ரத்தக் கசிவாக மட்டும் அது பல வருடம் ஒளிந்திருக்கும். இளவயதில் காரணமே தெரியாமல் செயலிழப்பவர்களும் நிறையப் பேர். 'காரணம் தெரியவில்லை' என்று சொல்லப்பட்டிருந்தால், மரபணுப் பரிசோதனை தேவையா என்று கட்டாயம் பேசுங்கள். ஆபரேஷன் தேதி குறிப்பதற்கு முன்னால் இது முடிந்திருக்க வேண்டும்.

அதோடு சேர்த்து நீண்டகாலக் கணக்கையும் பார்த்துவிடுவோம். ஒரு சிறுநீரகம் போனதும் உங்கள் மொத்த வடிகட்டும் திறன் பாதியாகும். மீதி இருப்பது கொஞ்சம் பெரிதாகி, கூடுதலாக உழைத்து, சில மாதங்களில் பழைய அளவில் 60, 70 சதவீதம் வரை பிடித்துவிடும். சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவான கிரியாட்டினின், ரத்தத்தில் 0.7 இருந்தவருக்கு 1.1 ஆகலாம். பரிசோதனைக் கூடத்து அறிக்கையில் வடிகட்டும் திறன் 'குறைவு' என்று அச்சாகியிருக்கும், விவரம் தெரியாதவர் உங்களுக்குச் சிறுநீரக நோய் என்றுகூடச் சொல்லிவிடுவார். ஒரு சிறுநீரகம் இருப்பவருக்கு அது எதிர்பார்த்த எண்தான். சிறுநீரில் புரதம் போகாமல், எண் வருடாவருடம் ஒரே இடத்தில் நின்றால் கவலை இல்லை.

ஆனால் கொடையாளருக்கு வாழ்நாளில் சிறுநீரகம் செயலிழக்கும் வாய்ப்பு, கொடுக்காமல் இருந்திருந்தால் இருக்கும் வாய்ப்பைவிடக் கூடுதல்தான். அமெரிக்கக் கொடையாளர்களை வைத்து 2014இல் வெளியான ஆய்வின் மதிப்பீட்டில், வாழ்நாள் முழுக்கப் பார்த்தால் பத்தாயிரம் கொடையாளரில் 90 பேருக்கு அது வரலாம். அதே அளவு ஆரோக்கியமாக இருந்து கொடுக்காதவர்களில் 14 பேர். நோயுள்ளவர் இல்லாதவர் எல்லோரும் சேர்ந்த பொது மக்களில் 326 பேர். இந்த மூன்றாவது எண்ணை மட்டும் காட்டி 'கொடுப்பவர்கள் மற்றவர்களைவிட நன்றாகவே இருக்கிறார்கள்' என்று சொல்வது வழக்கம். நீங்கள் பார்க்க வேண்டியது முதல் இரண்டையும்தான். சதவீதமாகப் பார்த்தால் ஒன்றுக்கும் கீழே. அதை ஏற்பதும் ஏற்காததும் உங்கள் உரிமை. உங்களுக்கு வயது 34, இன்னும் நாற்பது ஐம்பது வருடம் இருக்கிறது. இன்றைய பரிசோதனையில் எல்லாம் சரி என்பது, 60 வயதில் சர்க்கரை வராது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 55 வயதுக்காரர் கொடுப்பதற்கும் உங்களுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

இன்னொரு குழந்தையைப் பற்றி. கொடுத்த பிறகு கருத்தரிக்கலாம், பெரும்பாலோருக்கு நல்லபடியாகவே பிரசவம் ஆகிறது. ஆனால் கர்ப்பகால ரத்த அழுத்தமோ அதன் கடுமையான வடிவமோ வரும் வாய்ப்பு கூடும். கனடாவில் செய்து 2015இல் வெளியான ஆய்வில் கொடுத்த பெண்களில் நூற்றுக்குப் 11 பேருக்கும், கொடுக்காதவர்களில் 5 பேருக்கும் வந்தது. கொடுத்த பிறகு குறைந்தது ஆறு மாதம், முடிந்தால் ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள். கர்ப்பமானதும் மகப்பேறு மருத்துவரிடம் முதல் வேலையாக ஒற்றைச் சிறுநீரகம் என்பதைச் சொல்லிவிடுங்கள். அவர் அழுத்தத்தை நெருக்கமாகப் பார்ப்பார், குறைந்த அளவு ஆஸ்பிரினும் தரக்கூடும். முதல் பிரசவத்தின்போது உங்களுக்கு அழுத்தம் ஏறியிருந்ததா? ஏறியிருந்தால் அதை இப்போதே சிறுநீரகக் குழுவிடம் சொல்லுங்கள். பலருக்கு அது பழைய கதையாகத் தோன்றும். எங்களுக்கு அது முடிவையே மாற்றக்கூடிய செய்தி. தம்பிக்கு டயாலிசிஸ் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தால், குழந்தையைப் பெற்றுவிட்டு அப்புறம் கொடுப்பது என்பதும் ஒரு வழிதான். அதைக் கேட்பதில் சுயநலம் எதுவும் இல்லை.

வேலைக்குத் திரும்புவது பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். உட்கார்ந்து செய்யும் வேலை என்றால் இரண்டிலிருந்து நான்கு வாரம். உங்களுடையது தூக்கும் வேலை. ஆறு வாரத்துக்கு நாலைந்து கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது. அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, முழு எடைக்கு இரண்டு, மூன்று மாதம் ஆகும் என்று முதலாளியிடம் இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். லேப்ராஸ்கோப்பியில் உள்ள சிக்கலே இதுதான்: பத்தாம் நாள் துளைகள் ஆறிவிடும், கண்ணாடியில் பார்த்தால் ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும், வீட்டில் இருப்பவர்களும் மறந்துவிடுவார்கள். அடிவயிற்றின் உள் அடுக்கு அதற்குள் பாதிகூடச் சேர்ந்திருக்காது. என்னிடம் அண்ணனுக்குக் கொடுத்த ஒருவர், வலியே இல்லையே என்று மூன்றாம் வாரம் மர பீரோவைத் தள்ளி நகர்த்தினார். 'உள்ளே ஏதோ அறுந்த மாதிரி இருந்தது' என்று வந்தார். அந்த இடத்தில் குடலிறக்கம். அவரை மறுபடியும் அறுவை மேசையில் படுக்கவைக்க வேண்டியதாயிற்று. கொடுத்தவருக்கு இரண்டாவது ஆபரேஷன் செய்வதுபோல என் மனதைக் கலக்குவது வேறில்லை.

உங்கள் மகளுக்கு ஐந்து வயது, 17, 18 கிலோ இருப்பாள். ஆறு வாரத்துக்கு அவளை இடுப்பில் தூக்கக் கூடாது. அவளிடம் முன்கூட்டியே சொல்லிப் பழக்குங்கள்: அம்மா உட்கார்ந்த பிறகு நீயே ஏறி மடியில் உட்கார். நீங்கள் ஊருக்குப் போய்விட்டு வந்ததுபோல அவள் ஓடிவந்து தாவுவாள், அந்த முதல் நாளுக்குக் கணவரை வாசலில் நிற்கச் சொல்லுங்கள்.

களைப்பையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். தழும்பு ஆறிய பிறகும் மாலையானால் உடம்பு துவண்டுவிடும், ஒன்றிரண்டு மாதம்கூட இருக்கும். சிலருக்கு மனமும் இறங்கிவிடும். எல்லோரும் தம்பியைச் சுற்றி நிற்பார்கள், அவன் கிரியாட்டினின் எவ்வளவு, சிறுநீர் எவ்வளவு என்று கேட்பார்கள். கொடுத்தவரை யாரும் கேட்பதில்லை. அது உங்களுக்கு நேர்ந்தால் உங்கள் மனம் சிறுத்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், வெளியே சொல்லுங்கள்.

வலிக்கு மாத்திரை என்றால் பாராசிட்டமால். ஐபூபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வகைகளை இனி வாழ்நாள் முழுக்க மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. வருடத்துக்கு ஒருமுறை ரத்த அழுத்தம், கிரியாட்டினின், சிறுநீர்ப் புரதம். இந்த மூன்றையும் தம்பியின் பிறந்தநாள் வாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மறக்காது.

உங்கள் அம்மா அழுவதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஒரு பிள்ளையைக் காப்பாற்ற இன்னொரு பிள்ளையைக் கத்திக்குக் கொடுக்கும் பயம் அது. 1954 டிசம்பரில் பாஸ்டனில் உயிரோடு இருப்பவரிடமிருந்து எடுத்துப் பொருத்திய முதல் சிறுநீரகம் வெற்றியடைந்ததே, அதுவும் கூடப்பிறந்தவர்களுக்குள்தான். ரொனால்ட் ஹெரிக் தன் இரட்டையரான ரிச்சர்டுக்குக் கொடுத்தார். அதற்கு முன் இப்படிக் கொடுத்து நல்லபடியாக முடிந்தது என்று காட்ட யாருமே இல்லை, துணிந்துதான் கொடுத்தார். ரிச்சர்ட் எட்டு வருடம் வாழ்ந்தார். ரொனால்ட் ஒற்றைச் சிறுநீரகத்தோடு 79 வயது வரை, 2010 வரை இருந்தார். இதை அம்மாவிடம் சொல்லும்போது இரண்டு பாதியையும் சேர்த்தே சொல்லுங்கள். பொருத்திய சிறுநீரகம் நிரந்தரம் அல்ல. உயிருள்ளவர் கொடுத்தது இன்று சராசரியாகப் பதினைந்து வருடம், சிலருக்கு அதற்கும் மேல் உழைக்கிறது. தம்பி 29 வயதுக்காரன், வாழ்நாளில் இன்னொன்று தேவைப்படலாம். அப்போது உங்களிடம் கொடுக்க இருக்காது.

கடைசியாக ஒன்று. பரிசோதனைக் காலத்தில் குடும்பத்தார் யாரும் இல்லாமல் உங்களைத் தனியே உட்கார வைத்துப் பேசுவார்கள். அப்படிப் பேசவில்லை என்றால் நீங்களே கேளுங்கள், தம்பியின் மருத்துவர் அல்லாத வேறொருவரிடம். அங்கே மனதில் இருப்பதைச் சொல்லுங்கள். மயக்க மருந்து கொடுக்கும் நிமிடம் வரை வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. காரணத்தைக் குடும்பத்தில் சொல்ல முடியாத நிலை என்றால், கொடையாளராகப் பொருந்தவில்லை என்று மட்டும் மருத்துவர்கள் சொல்லிவிடுவார்கள். நீங்கள் சொன்னது அந்த அறையைத் தாண்டாது. 'கொடுக்கிறேன்' என்பதுதான் உங்கள் முடிவு என்றால், அதையும் அங்கேதான் உறுதிப்படுத்திக்கொள்வீர்கள்.

எல்லாம் சரியாக அமைந்து தேதி வந்துவிட்டால், அம்மாவுக்கு ஒரு வேலை கொடுங்கள். இரண்டாம் நாள் உங்களுக்கு வயிற்றைவிடத் தோள்பட்டை அதிகமாக வலிக்கலாம். வயிற்றுக்குள் மிச்சமிருக்கும் வாயு மேலேறி உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது அது. மாரடைப்போ என்று பயந்து கூப்பிட்டவர்கள் உண்டு. இரண்டு மூன்று நாளில் போய்விடும், எழுந்து நடந்தால் இன்னும் சீக்கிரம். அன்றைக்கு அம்மா தம்பியின் அறையில் இல்லாமல் உங்கள் பக்கத்தில் இருக்கட்டும். உங்கள் கையைப் பிடித்து வராந்தாவின் கடைசி ஜன்னல் வரை கூட்டிப்போய்த் திரும்பக் கூட்டிவரட்டும், காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை.